மார்த்தாவின் தொதல்

சேசு மரி சூசை துணை
சென்னை, 20 மார்ச் 1934

அன்புள்ள அப்பாயிக்கு,

பேத்தி லீனா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். விடுதிச் சாம்பார்தான் நன்றாக இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்றா?

இந்த எல்.டி. படிப்பு என்ன என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். பி.ஏ. தேறியவர்கள் படிப்பது. விஞ்ஞானம் நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எழுத்துப் பரீட்சை முடிந்ததும் மாதிரிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்தவேண்டும். பரீட்சை அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார். அதில் தேறினால்தான் பட்டம்.

நான் எடுத்திருக்கும் பாடம் பூசணம். சிரிக்காதீர்கள். கூடப் படிக்கிறவர்கள் அமிலம், கண்ணாடிக் குழாய் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. நம் வீட்டில் அப்பாவின் சப்பாத்தை ஒரு ஞாயிறு காலில் போடாமல் விட்டால் மறு ஞாயிறு அதற்குப் பச்சைத் தாடி முளைத்திருக்கும். ஒரு துண்டு ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டால் தானாக வளர்ந்துவிடாதா? நாலு நாள் முன்னால் வைத்தால் போதும்.

எனக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி,
லீனா

•

சேசு மரி சூசை துணை
பினாங்கு, 9 ஏப்ரல் 1934

என் ராசாத்தி லீனாவுக்கு,

அப்பாயி மார்த்தா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். முழங்கால் மழைக்கு முந்தி வலிக்கிறது, மழை வந்ததும் விட்டுவிடுகிறது. இங்கே தினம் மழை. உன் அம்மாவுக்குப் பல் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். வீடு நிம்மதியாக இருந்தது.

பூசணத்துக்கா பரீட்சை வைக்கிறார்கள்? நான் அதைத் துடைத்துத் துடைத்தே கிழவியானேன். தெரிந்திருந்தால் ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் நானும் எல்.டி. எழுதியிருப்பேன். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் உபதேசியார் பெர்னார்ட் கேட்டார், "மார்த்தாக்கா, எல்.டி.ன்னா டாக்டர் படிப்பாலா?" என்று. "டாக்டருக்குப் படிக்கப்போற பிள்ளைங்களுக்கே இவதான்லா மொதல்ல சொல்லிக்குடுக்கணும்" என்றேன்.

ஒன்று சொல்லவேண்டும், மனதில் வைத்துக்கொள். ஈப்போவிலிருந்து அந்த ரயில்வே பீட்டர் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு மறுபடியும் வந்துபோனார்கள். உன் அப்பா அவர்களுக்குச் சொன்ன பதில் இது: "இந்தத் தடவை தேறிட்டா அவ இஷ்டம், வேலை பார்க்கட்டும். தேறலன்னா அடுத்த கப்பல்ல வந்து மோதிரம் மாத்திக்கணும். ரெண்டாந்தடவைங்கிற பேச்சே இல்ல." பால்ராஜ் என் வயிற்றில் பிறந்தவன், சொன்னால் சொன்னதுதான். கன்னியர் பள்ளி மதரும் விஞ்ஞான டீச்சர் இடத்தை ஜனவரி வரை உனக்காகக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

அர்ச். அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன். நீ தேறினால் அவள் திருநாளில் அசனம் போடுகிறேன், வந்தவர்களுக்கெல்லாம் வயிறாரச் சோறு. அவளும் சேசுவைப் பேரப்பிள்ளையாகப் பெற்றவள்தானே, நான் கேட்பது அவளுக்குப் புரியும்.

வெயிலில் அலையாதே.

உன் அப்பாயி,
மார்த்தா

•

சேசு மரி சூசை துணை
சென்னை, 18 ஜூன் 1934

அன்புள்ள அப்பாயிக்கு,

லீனாவின் தோத்திரம். நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். இங்கே வெயில் பொறுக்கமுடியவில்லை. பகலில் அடிக்கும் காற்று அடுப்பைத் திறந்தது போல் இருக்கிறது. உதடெல்லாம் வெடித்துவிட்டது. நம் வீட்டுப் புள்ளிக்கோழி அடைக்கு உட்கார்ந்ததா? எத்தனை குஞ்சு பொரித்தது? பின்வாசல் கதவு மழைக்கு ஊறி மூடவராமல் இருந்ததே, அப்பா தச்சனைக் கூப்பிட்டாரா?

எழுத்துப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன். போதனை வேலைக்காக இன்னும் ஆறு மாதம் மாதிரிப் பள்ளியிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் இப்போது கப்பல் ஏறமுடியாது. மதரிடம் ஜனவரியில் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.

கோழியைப் பற்றி மறக்காமல் எழுதுங்கள்.

லீனா

•

சேசு மரி சூசை துணை
பினாங்கு, 30 ஜூலை 1934

எங்கள் டீச்சரம்மா எல்.டி. லீனாவுக்கு,

அப்பாயி ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. எல்லாரும் சுகம், நான் பத்து வயது குறைந்தவளாக இருக்கிறேன். நீ தேறியதுமல்லாமல் உன்னை விடமாட்டோம் என்று அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்களாமே! நீ எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தெரு முழுக்க நடந்தேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

அசனம் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு முத்தம்மை ஆச்சி தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டாவைக் கொடுத்தார்கள். "எங்க முருகனுக்குப் பொங்குன அண்டாவுல உங்க அன்னம்மாவுக்கும் பொங்குங்க, ரெண்டு பேரும் சண்டை போட மாட்டாங்க" என்றார்கள். அதைப் படகில் ஏற்றிக் கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயிலுக்குக் கொண்டுபோனோம். கோயிலுக்குக் கீழே ரப்பர் மரத்தடியில் அடுப்பு வெட்டி, ஆட்டுக்கறியும் பருப்பும் சோறும். சீனர்கள்கூட வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூசைக்கு முன் உபதேசியார் எழுந்து, "பால்ராஜ் அவர்கள் மகள் லீனா எல்.டி. பட்டம் பெற்ற நன்றிக்காக" என்று உரக்கப் படித்தார். உன் அப்பா மூக்கைச் சிந்தினான். தடுமன் என்றான். ஈப்போக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நானே இரண்டு கரண்டி கறி கூட வைத்தேன், பாவம்.

புள்ளிக்கோழி எட்டு பொரித்தது. நீ கேட்டாயே என்று எழுதுகிறேன்.

டீச்சரம்மாவின் அப்பாயி,
மார்த்தா

•

சேசு மரி சூசை துணை
பினாங்கு, 27 ஆகஸ்டு 1934

என் கண்ணே லீனா,

அப்பாயி ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இருக்கட்டும், வேலை இருக்கும்.

பீட்டர் வீட்டார் கேட்டு அனுப்பியிருந்தார்கள், தேறினவள் ஏன் ஊருக்கு ஒரு நடை வந்துபோகவில்லை என்று. கடல் சரியில்லை என்றேன். உன் அப்பா என்னைப் பார்த்தான். "கடல் நல்லாத்தானேம்மா இருக்கு. போன வாரந்தானே கப்பல் வந்துச்சு?" என்றான். "உனக்குத் தெரியிற கடல் வேற, பொம்பளப்புள்ள தனியா வர்ற கடல் வேற" என்றேன். உபதேசியார், நீ பட்டம் வாங்கிய போட்டோ எங்கே என்கிறார். போட்டோக்காரனுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனிதனுக்கு எத்தனை மாதம் காய்ச்சல் இருக்கும் என்று தெரியவில்லை.

நீ எதற்கும் அவசரப்படவேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. இராத்திரி மங்கல் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இன்னும் படிக்கவேண்டியவளுக்குக் கண் வேண்டும்.

முத்தம்மை ஆச்சியின் அண்டாவைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரி போக இரண்டு நாள் ஆயிற்று. தேய்க்கும்போது மனதுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

உன் அப்பாயி

•

சேசு மரி சூசை துணை
பினாங்கு, 20 செப்டம்பர் 1934

என் கண்ணு லீனாவுக்கு,

ஆசீர்வாதம். சுகம். சுகம்தானே?

சென்னைக்குப் போகிற ஒரு குடும்பத்திடம் ஒரு தகரம் கொடுத்துவிட்டிருக்கிறேன். தொதல். நாள் முழுக்க நின்று நானே கிண்டினேன். அரிசிமாவு, தேங்காயின் முதல் பால், மலாக்காச் சர்க்கரை, அல்வா மாதிரிக் குறைவில்லாமல் எண்ணெய் பிரிந்து வந்தது. என் கை தொதல் ஒரு மாதம் கெடாது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். உன் அம்மா தகரத்தை மூட வந்தாள். அவளை நான் கிட்டவே விடவில்லை. வாழையிலையைக் கழுவி அடியிலும் மேலும் வைத்து, காற்றுப் புகாமல் மெழுகு வைத்து நானே மூடினேன்.

வாய்க்கு ருசியாக ஏதாவது இருந்தால் மனது தெம்பாக இருக்கும். எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை. தொதலைத் தின்னு.

அப்பாயி

•

சேசு மரி சூசை துணை
சென்னை, 14 அக்டோபர் 1934

அன்புள்ள அப்பாயிக்கு,

லீனாவின் தோத்திரம். உடம்பு சுகமாக இருக்கிறது. தொதல் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்பாயி, நான் தேறவில்லை. எழுத்தில் தேறியது உண்மை. போதனையில் தவறிவிட்டேன். அதை மட்டும் ஆறு மாதம் கழித்துத் திரும்ப நடத்திக் காட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் அதை எழுதத் தைரியம் இல்லாமல் கோழியைப் பற்றி எழுதினேன். ஊரே கூடி எனக்காகச் சாப்பிட்டுவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பேனாவைத் தொடவே கை வரவில்லை.

நடந்தது இதுதான். பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் ரொட்டியைத் தட்டில் வைத்தேன். நம் ஊர் போல என்றே நினைத்துவிட்டேன். இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் அது ஓட்டுத்துண்டாகக் காய்ந்துவிட்டது. வளர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில், காலையில் மூடியிருந்த துணியைக்கூட விலக்கிப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோனேன். "இதோ பாருங்கள், ரொட்டியின் மேல் என்ன தெரிகிறது?" என்று துணியை எடுத்தேன். ஒன்றுமே இல்லை. முதல் பெஞ்சில் மஹ்பூபா என்று ஒரு பெண். "எங்க வீட்டு ரஸ்க்கு மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு வாய் குழறிவிட்டது. "பூசணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விஞ்ஞான வகுப்பில் நினைத்துக்கொள்ளச் சொன்னவளுக்கு யார் மார்க்குப் போடுவார்கள்?

அடுத்த மாதம் மறு பரீட்சை. இது அப்பா சொன்ன இரண்டாந்தடவை. அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வா என்றால் வந்துவிடுகிறேன். கூடப் போட்ட இரண்டு கரண்டிக் கறியை ஈப்போக்காரர்களிடம் திரும்பக் கேட்கமுடியாதே அப்பாயி.

லீனா

•

சேசு மரி சூசை துணை
பினாங்கு, 1 நவம்பர் 1934

என் தங்கமே,

அப்பாயியின் ஆசீர்வாதம். இப்போதுதான் உண்மையாகவே சுகம் என்று எழுதமுடிகிறது. அப்பாடா, வாயைத் திறந்தாயே!

எனக்குத் தெரியும். ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவள் நீ. பி.ஏ. தேறியபோது அதையே மூன்று தரம் எழுதினாய். அப்படிப்பட்டவள் எல்.டி. தேறிவிட்டு முதல் வேலையாகக் கோழி அடைக்கு உட்கார்ந்ததா என்று கேட்பாளா? ஆனால் இந்தப் புத்தி எனக்கு அசனத்துக்கு முந்தி வரவில்லை. அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. பாதி தேய்த்த அண்டாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊர் சாப்பிட்ட சோறு செரித்தும் போயிருக்கும், என்ன செய்ய? சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுகையும் வந்தது. முத்தம்மை ஆச்சி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து, "என்ன மார்த்தா, கரி கண்ணுல பட்டுருச்சா?" என்றார்கள். ஆமாம் ஆச்சி என்றேன்.

இதுவும் நல்லதுக்குத்தான். அன்னம்மாளுக்கு நாம் முந்தியே கொடுத்தாயிற்று. சோற்றை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் இருக்க அவள் என்ன முனிசிபல் ஆளா?

உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அவன் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். அதனால் அவனைக் கேட்கவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். அவன் வாயைத் திறந்தால் என் முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. நீ இருந்து பரீட்சையை முடி. வரச்சொல்லி யாரும் எழுதமாட்டார்கள், தபால் தலை என் பெட்டியில்தான் இருக்கிறது.

அது சரி, தொதல் வந்தது என்று எழுதினாய். எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லையே?

அப்பாயி

•

சேசு மரி சூசை துணை
சென்னை, 2 டிசம்பர் 1934

என் அப்பாயிக்கு,

தேறிவிட்டேன்! தேறிவிட்டேன்! தேறிவிட்டேன்! கோழியைப் பற்றிக் கேட்கமாட்டேன். நேற்று மாலை பலகையில் போட்டார்கள். நான் நான்கு தரம் போய் என் பெயரைப் பார்த்துவிட்டு வந்தேன். சுகம், எல்லாம் சுகம்.

இப்போது தொதலைப் பற்றிச் சொல்லவேண்டும். கோபித்துக்கொள்ளக்கூடாது. உங்கள் தகரம் என் கைக்கு வந்து மெழுகை உடைத்தபோது, உள்ளே பச்சையும் வெள்ளையும் கறுப்புமாகப் பூசணம் வெல்வெட்டு விரித்தது போல் இருந்தது. அவ்வளவு அழகான பூசணத்தை நான் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. அழுதுவிட்டேன், நீங்கள் நாள் முழுக்க நின்று கிண்டியது என்று. அழுதுகொண்டே பார்த்தேன், இலை இன்னும் ஈரமாக இருந்தது. அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏப்ரலில் என் ரொட்டிக்கு இல்லாமல் போனது இந்த ஈரம்தானே!

மறு பரீட்சைக்கு மூன்று பொருள் கொண்டுபோனேன். ஏப்ரலில் காய்ந்த அதே ரொட்டி, ஈரத்துணி போட்டுக் கண்ணாடிக் கூண்டில் மூடிவைத்துப் பூசணம் வளர்த்த புது ரொட்டி, உங்கள் தகரம். இந்தத் தடவை எல்லாவற்றையும் முந்தித் திறந்து பார்த்துவிட்டே போனேன். "இது பூசணம்" என்று ஆரம்பிக்கவில்லை. காய்ந்த ரொட்டியைத்தான் முதலில் எடுத்தேன். அதே வெள்ளைக்கார அம்மாள்தான் கடைசி பெஞ்சில்.

"போன தடவை இதில் ஒன்றும் வளரவில்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. ஏன் வளரவில்லை என்று உங்களில் யாராவது கண்டுபிடித்துச் சொல்லமுடியுமா?" என்றேன். பிள்ளைகள் மூன்றையும் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தி வெயில் என்றாள், ஒருத்தி ரொட்டிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். மஹ்பூபா மட்டும் தகரத்துக்குள் விரலை விட்டு இலையைத் தொட்டாள். "டீச்சர், இங்க ஈரம். அங்கயும் ஈரம். உங்க ரஸ்க்குதான் காஞ்சிருக்கு" என்றாள். பிறகு, "இது எந்த ஊரு டீச்சர்?" என்றாள். "பினாங்கு. என் அப்பாயி செய்த தொதல்" என்றேன். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடிப்பக்கத்தில் ஒரு ஓரம் நன்றாகத்தான் இருந்தது.

மணி அடித்த பிறகு அந்த அம்மாள் எழுந்து வந்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தகரத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்கள் பாட்டிக்கு என் வந்தனத்தைச் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் இனிமேல் சொல்லலாம். ஜனவரி முதல் கப்பலில் வருகிறேன்.

உங்கள் லீனா, எல்.டி.

•

சேசு மரி சூசை துணை
பினாங்கு, 20 டிசம்பர் 1934

எல்.டி. லீனாவுக்கு,

ஆசீர்வாதமும் ஆண்டவருக்குத் தோத்திரமும். எல்லாரும் சுகம். நான் மட்டும் பாதி சிரிப்பும் பாதி கோபமுமாக இருக்கிறேன்.

என் தொதலா பூசணம் பிடித்தது? என் தொதலா? அதையும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் திறந்துவைத்து, வெள்ளைக்காரிக்கும் காட்டி, என் அப்பாயி செய்தது என்று பெயரையும் சொன்னாயா? தெரு முழுக்க என் கையைப் புகழ்கிறது, நீ கடல் தாண்டிப் போய் மானத்தை வாங்கினாயே! சரி, தேறிவிட்டாய், மன்னித்தேன்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப, ரெண்டாந்தடவையாம்மா?" என்றான். "தேறிட்டாளா இல்லையா, அத மட்டும் கேளுலா" என்றேன். "எல்லாரையும் வெச்சு உபதேசியார் படிச்சாரேம்மா" என்றான். "அவர் கொஞ்சம் முந்திப் படிச்சிட்டார், அவ்வளவுதான். இப்ப அது உண்மையாயிருச்சு" என்றேன். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தடுமன் என்று சொல்லமுடியவில்லை. மறுநாளே ஈப்போவுக்கு எழுதிப்போட்டுவிட்டான். அவர்கள் தைப்பிங்கில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்களாம், நம் மேல் வருத்தம் ஒன்றும் இல்லையாம். மதர், ஜனவரி பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கு வந்தால் போதும் என்கிறார்கள்.

இனி என் கஷ்டத்தைக் கேள். உன் அப்பா மூலம் விஷயம் தெருவுக்குத் தெரிந்து, மறு பரீட்சையில் எப்படித் தேறினாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதைவிட நல்ல கதை என் ஆயுசில் எனக்குக் கிடைத்ததில்லை. என் தகரம் கடல் தாண்டிப் போய்ப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறது, வெள்ளைக்காரி எனக்கு வந்தனம் சொல்லியிருக்கிறாள். ஆனால் சொன்னால் தொதல் கெட்டுப்போனது வெளியே வந்துவிடுமே! மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, உபதேசியார், முத்தம்மை ஆச்சி, தெரு சனம் எல்லாரும் வாசலில் நிற்கும்போது என்னால் தாங்கமுடியவில்லை. முழுக்கச் சொல்லிவிட்டேன். கைதட்டாத குறைதான். பிறகு உபதேசியார் வாய் சும்மா இருந்தால்தானே? "மார்த்தாக்கா, உங்க கை தொதல் கெடாதேலா? எப்படிப் பூசணம் புடிச்சுச்சு?" என்றார்.

"தகரத்தை மூடினது மருமக சவுந்தரம்" என்றேன்.

உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நாலு நாளாக அடுப்படியில் அவள் பாத்திரம் வைக்கும் சத்தம் முனிசிபல் ரோடு வரை கேட்கிறது. நீ வந்து எங்கள் இரண்டு பேரையும் சமாதானம் செய்யவேண்டும்.

முதல் கப்பலில் வா. துறைக்கு எல்லாரும் வருகிறோம். உனக்குத் தொதல் கிண்டி வைக்கிறேன். தகரத்தில் போடமாட்டேன், இலை வைக்கமாட்டேன், மூடவும் மாட்டேன்.

உன் அப்பாயி,
மார்த்தா